டன் கணக்கில் கூலி கொடுத்தால் குப்பை குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலை அமைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வருகிற செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். புகை வரும், டையாக்சின் என்கிற நச்சு வரும் என்கிறது ஒரு தரப்பு. இது நவீன உலை, அதெல்லாம் வராது என்கிறது இன்னொரு தரப்பு. எண்ணூர், மணலிப் புகையைச் சுவாசித்தே வயதான வடசென்னைக்காரனுக்கு எந்தப் பக்கம் சாயத் தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2025இல் பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றதன் நியாயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் புகையைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது பில்லைப் பற்றி.

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேரூராட்சி, நகராட்சி என்று ஊர் ஊராகப் போய் வவுச்சரையும், செய்த வேலையை அளந்து எழுதுகிற எம்-புக்கையும், மன்றத் தீர்மானப் புத்தகத்தையும் புரட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. ஒரு ஊர் தன் குப்பையை என்ன செய்கிறது என்பதை அந்த ஊர்ச் சுவரில் எழுதியிருக்கிற வாசகங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குப்பைக்காக யாருக்கு, எதை அளந்து பணம் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எடைச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கு வாசலில் எடை மேடை இருக்கும். குப்பையோடு லாரி ஏறி நிற்கும்போது ஒரு எடை, காலி லாரிக்கு ஒரு எடை, கழித்தால் வருவது நிகர எடை. ஒப்பந்ததாரருக்குப் பணம் அந்த நிகர எடைக்கு, டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று. வட மாவட்ட நகராட்சி ஒன்றில் ஐப்பசி, கார்த்திகை மாதச் சீட்டுக்கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நடைக்கும் எடை கூடியிருந்தது. அடைமழையில் ஜனங்கள் கூடுதலாக எதையும் வாங்கித் தின்று குப்பை போட்டுவிடவில்லை. மூடி இல்லாத தெருத் தொட்டிகளில் மழை விழுந்திருக்கிறது, நனைந்த குப்பையை அப்படியே அள்ளி ஏற்றியிருக்கிறார்கள். எடை மேடையில் இருந்தவரைக் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், "மழைத் தண்ணிக்கும் சேர்த்துத்தான் சார் பில்லு" என்றார். சீட்டு சரி, கூட்டல் சரி, கையெழுத்து சரி. தணிக்கைத் தடை எழுத இடமே இல்லை. ஒப்பந்தப்படி மழைநீரும் குப்பைதான்!

அதே ஊரில் இன்னொரு காட்சி. தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் அட்டைப்பெட்டி, பால் கவர், பாட்டில் எல்லாவற்றையும் தெருமுனையில் தனித்தனிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். சாயந்தரம் பழைய பேப்பர் கடையில் போட்டால் டீச் செலவுக்காவது ஆகும். மேஸ்திரி வந்து, "எதுக்கும்மா மெனக்கெட்டுப் பிரிச்சு வைக்கிற? தூக்கி வண்டில போடு" என்று சாக்குகளைத் தானே தூக்கிக் கவிழ்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பிரித்தால் எடை குறையும், எடை குறைந்தால் முதலாளிக்குப் பில் குறையும். அதே நகராட்சி, அதே வாரத்தில், மக்கும் குப்பை மக்காத குப்பை என்று தரம் பிரித்துத் தரச் சொல்லி ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் செய்துகொண்டிருந்தது. அந்த ஆட்டோ வாடகை வவுச்சரும் என் மேஜைக்குத்தான் வந்தது.

இதில் திருட்டு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். லாரியில் கட்டட இடிபாட்டை ஏற்றி எடை காட்டுகிற கதைகள் வேறு, அவற்றைப் பிடிக்க வழி உண்டு. யாருமே திருடாதபோதும் ஒரு ஒப்பந்தம் ஊரைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போக முடியும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சென்னை மாநகராட்சிக்கு இது தெரியாததல்ல. 2000இல் முதன்முதலாக மூன்று மண்டலங்களின் குப்பையைத் தனியாரிடம் விட்டபோது டன் கணக்கில்தான் கூலி. பிறகு வந்தவர்களுக்கும் எடைதான் அடிப்படை. பல வருஷம் பட்டு, 2020இல் போட்ட ஒப்பந்தங்களில்தான் எடையைக் கைவிட்டு, வீடு வீடாக வாங்குகிறார்களா, தரம் பிரிக்கிறார்களா, தெரு சுத்தமாக இருக்கிறதா என்று செயல்பாட்டை அளக்கிற முறைக்கு வந்தார்கள். அந்த முறையிலும் ஓட்டைகள் இருக்கலாம், ஆனால் திசை சரி. குப்பை சேகரிக்கிற பக்கத்தில் இவ்வளவு காலம் கழித்துத் தூக்கிப் போட்ட டன்னை, எரிக்கிற பக்கத்தில் இருபது, இருபத்தைந்து வருஷத்துக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரப் போகிறோமா என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் எரிஉலை என்பது தினமும் தீனி கேட்கிற சமாச்சாரம். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கு நிறைய என்று போட்டால் பாய்லர் தாங்காது. கோடிக்கணக்கில் முதல் போடுகிறவரும் கடன் கொடுக்கிற வங்கியும் தினம் இத்தனை டன் நிச்சயம் வரும் என்று மாநகராட்சியிடம் எழுதி வாங்கத்தான் பார்ப்பார்கள். அவர்கள் நிலையில் நான் இருந்தாலும் அதையே கேட்பேன். கொடுக்க முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்பது இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக வருகிற ஷரத்து. அப்படி ஒரு வரி உள்ளே இருந்தால், அதன் பிறகு குப்பை குறைவது மாநகராட்சிக்கு நஷ்டம். நீங்களும் நானும் துணிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுகூட மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகைக்கு ஆகாத காரியமாகிவிடும்.

சரி, எதை எரிப்பார்கள்? நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் சோறு, காய்கறித் தோல், வாழை இலை, பூ. கிடங்குக்குப் போகிற எடையில் ஏறக்குறைய பாதி வெறும் ஈரம். அது தானாக எரியாது. எரிவது காகிதம், அட்டை, பிளாஸ்டிக், துணி. அதில் நல்லதை எல்லாம் பேப்பர் கடைக்காரரும் காயலான் கடைக்காரரும் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஆக, மக்கள் ஒழுங்காகத் தரம் பிரித்து, விற்க முடிந்ததை விற்று, மக்குவதை உரமாக்கினால் உலைக்கு மிஞ்சுவது சொற்பம். மக்கள் எதையும் செய்யாவிட்டால் வருவது ஈரக் குப்பை, எரியாது. இரண்டு வழியிலும் இடிக்கிறது. எரித்த பிறகும் சாம்பல் மிஞ்சும், அதைக் கொட்டவும் நிலம் வேண்டும்.

இதை டெல்லி 1987லேயே காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது. திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் தினம் 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஓர் ஆலை கட்டினார்கள். ஐரோப்பியக் குப்பையில் காகிதமும் அட்டையும் நிறைய, ஈரம் குறைவு. டெல்லியில் குப்பை பொறுக்குகிறவர்களும் கபாடிக்காரர்கள் என்கிற பழைய சாமான் வியாபாரிகளும் எரியக்கூடியதை எல்லாம் முன்னாடியே எடுத்துவிட்டார்கள். ஆலைக்கு வந்தது மண்ணும் ஈரமும். எதிர்பார்த்த வெப்பம் அதில் இல்லை. ஓட்ட ஆரம்பித்துச் சில வாரங்கள்கூட ஒழுங்காக ஓடாமல் ஆலை நின்றது. இயந்திரம் நல்ல இயந்திரம்தான். வாங்குவதற்கு முன்னால் ஊர்க் குப்பையை ஒருவரும் சரியாகக் கிளறிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கிளறிப் பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. ஒரு லாரிக் குப்பையைத் தரையில் கூம்பாகக் குவிப்பார்கள். மண்வெட்டியால் நன்றாகக் கலந்து, நான்கு பாகமாகப் பிரித்து, எதிரெதிராக உள்ள இரண்டு பாகங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார்கள். மிச்சத்தைத் திரும்பக் கூம்பாக்கி, திரும்ப நான்காக்கி, ஒரு சாக்கு அளவுக்கு வரும்வரை குறைப்பார்கள். பிறகு தார்ப்பாயில் கொட்டிக் கையால் பிரித்து எடை போட வேண்டும். நாற்றம் உண்டு, செலவு குறைவு. ஆனால் ஒரு நாள் ஒரு லாரியில் செய்துவிட்டு ஊர்க் குப்பையே இதுதான் என்று எழுதக் கூடாது. அடைமழைக் காலத்துக் குப்பை வேறு, அக்கினி நட்சத்திரத்தில் இளநீர்க் கூடும் தர்பூசணித் தோலுமாக வருவது வேறு. ஆயுத பூஜைக்கு மறுநாள் பூசணிக்காயும் வாழைக்கன்றும் பொரியும்தான். போகிக்குப் பாயும் பழந்துணியும். பாரிமுனைக் குப்பை அடையாற்றுக் குப்பை ஆகாது.

நான் பார்த்த விரிவான திட்ட அறிக்கைகள் பலவற்றில் இந்த வேலை நடந்ததற்கு அடையாளமே இருக்காது. ஒரு நகராட்சிக்காக எழுதிய அறிக்கையில், நடுவில் இரண்டு பக்கத்துக்கு வேறு மாவட்டத்து ஊரின் பெயர் அப்படியே கிடந்தது. பெயரைத்தான் மாற்ற மறந்தார்கள், குப்பையின் சதவீத அட்டவணையை மாற்ற வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை போலிருக்கிறது. அந்த அறிக்கையை வைத்து எடுத்த முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஒரே வரி: "அலுவலகக் குறிப்பு ஏற்கப்பட்டது." அதற்கு முந்தைய பொருள் தெருவிளக்கு, அடுத்த பொருள் ஒரு கடை ஏலம். ஊர்க் குப்பையின் இருபது வருஷத் தலையெழுத்து அந்த இரண்டுக்கும் நடுவில் நிறைவேறிவிட்டது.

அடுத்தது, ஓட்டுகிற செலவு. இயந்திரம் வாங்க மானியம் வரும். தூய்மை இந்தியா திட்டத்தில் வரும், நிதிக்குழுவில் வரும். அதை ஓட்ட ஆள் சம்பளம், கரண்ட் பில், பிளேடு தீட்டுகிற கூலி எல்லாம் உள்ளாட்சியின் சொந்தப் பணம். வீட்டு வரியே ஒழுங்காக வசூலாகாத ஊரில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான். ஒரு பேரூராட்சியின் உரக் கொட்டகையில் மின் கட்டண அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாதக்கணக்கில் ரீடிங் நகரவே இல்லை. உள்ளே போனால், குப்பையை நறுக்குகிற இயந்திரம் வந்த நாள் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது. பக்கத்தில் இரண்டு பெண்கள் அரிவாளால் வாழைத்தாரின் தண்டை வெட்டிக் குழியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏனம்மா என்றேன். "அதுல போட்டா நாரு சுத்திக்கும் சார், நின்னுடும். எடுத்துவிட ஆள் வராது" என்றார் ஒருவர். வாங்குவதற்கு முன்னால் இந்த இருவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பல லட்சம் மிச்சம். கேட்க வேண்டும் என்று எந்தக் கோப்பிலும் இடம் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. அல்மித்ரா பட்டேல் என்கிற பெண்மணி 1996இல் உச்ச நீதிமன்றம் போனதன் விளைவாக 2000இல் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. பதப்படுத்தும் வசதிகளை 2003 டிசம்பர் 31க்குள் எல்லா ஊரும் அமைத்துவிட வேண்டும் என்று அந்த விதிகளில் கெடு இருந்தது. அந்தத் தேதி எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. 2016இல் புது விதிகள். நடுவில் பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள் வளர்ந்துகொண்டே போனது. 2022இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு, முக்கியமான ஈரநிலம் என்கிற சர்வதேச ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, அதே வருஷம் ஏப்ரலில் கிடங்கு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்தது. கொடுங்கையூரில் மட்டும் 66 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பை சேர்ந்திருந்தது. அதைச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்க 640 கோடி ரூபாய். ஒரு தலைமுறை யோசிக்காமல் கொட்டியதை அள்ளுவதற்கான கூலி இது. இதை நான் குறை சொல்லவில்லை, செய்தே ஆக வேண்டிய வேலை. ஆனால் மீட்ட நிலத்தில் அடுத்ததாக எதைக் கொண்டு வைக்கிறோம் என்பதில் அதே அவசரம் வேண்டாம் என்கிறேன்.

இதைப் பேசினால் அதிகாரிகள் உடனே இந்தூரைக் காட்டுவார்கள். காட்டட்டும், நல்ல உதாரணம்தான். 2022 பிப்ரவரியில் அங்கே தினம் 550 டன் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கிற ஆலை திறந்தார்கள். ஆலை நடத்துகிற நிறுவனம் மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறது. நம் ஊரில் யாராவது நம்புவார்களா? ஆனால் அங்கே ஆலை கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் பல வருஷம் வீட்டு வாசலில் தரம் பிரித்து வாங்குவதை உடும்புப் பிடியாகப் பிடித்துச் செய்தார்கள். வண்டியிலேயே தனித்தனி அறைகள், கலந்து கொடுத்தால் வாங்குவதில்லை, மீறினால் அபராதம். ஆலைக்கு வருகிற ஈரக் குப்பையில் பிளாஸ்டிக் கலப்பு மிகக் குறைவு என்பதால்தான் அதை நம்பி ஒருவர் முதல் போட்டார். நம் தூதுக்குழுக்கள் இந்தூர் போய் ஆலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வருகின்றன.

எனக்கு இந்தூரைவிடப் புனே பிடிக்கும், தணிக்கைக்காரன் காரணத்துக்காக. அங்கே முன்பு குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பு 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை வாங்குகிறது. கூலி எடைக்கு இல்லை, வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம், வீட்டுக்காரர் கொடுப்பது. உலர் குப்பையைப் பிரித்து விற்கிற பணமும் அந்தப் பெண்களுக்கே. கணக்குப் போட்டுப் பாருங்கள், பிரிக்கப் பிரிக்க அவர்களுக்கு வருமானம். லாரியில் ஏறுவது குறையக் குறைய மாநகராட்சிக்கு டீசல் மிச்சம். மேஸ்திரி சாக்கைக் கவிழ்க்க அங்கே காரணமே கிடையாது. புனேயிலும் கட்டணம் தராத வீடுகள் உண்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறபோதெல்லாம் இழுபறி உண்டு. ஆனால் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் குப்பையும் ஓடும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கே என்ன நடந்தது? 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலையைத் தனியாருக்கு மாற்றக் கூடாது என்று ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. நான் இருப்பது திரு.வி.க. நகர் மண்டலத்தில். எங்கள் தெருவில் எந்த வீட்டில் மீன் கழிவு எந்தக் கிழமை வரும், எந்த அபார்ட்மென்ட்டில் டயப்பரைச் சோற்றோடு கட்டிப் போடுவார்கள் என்று ஆலோசனை நிறுவனத்துக்குத் தெரியாது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே மாநகராட்சியிடம் நான் கேட்பது ஒன்றும் புரட்சி இல்லை. எரிஉலைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பதினைந்து மண்டலக் குப்பையையும் குறைந்தது மழைக்காலம், கோடை இரண்டிலும் கிளறிப் பார்த்து, ஈரம் எவ்வளவு, எரிவது எவ்வளவு, பேப்பர் கடைக்குப் போகக்கூடியது எவ்வளவு என்று வெளியிடட்டும். ஒப்பந்த வரைவைத் தமிழில் போடட்டும். தினசரி டன் உத்தரவாதம் இருந்தால் அது எவ்வளவு, குப்பை குறைந்தால் யார் நஷ்டப்படுவது, இருபதாவது வருஷத்தில் சாம்பல் எங்கே போகும், அதை யார் செலவில் கொண்டு போவது என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். பேசுவதற்கு இடமும் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்து, வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபைக் கூட்டம் நடத்தினார். அந்தச் சபைகளில் சாக்கடை அடைப்பைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்று விதி இல்லை. இருநூறு வார்டிலும் ஒரு கூட்டத்தை இதற்காக ஒதுக்கினால் போதும்.

அவகாசம் இல்லை என்று சொல்வார்கள். தகவல் உரிமைச் சட்டம் 4(1)(சி) பிரிவு, மக்களைப் பாதிக்கிற முக்கியமான முடிவுகளை அறிவிக்கும்போது அது சம்பந்தப்பட்ட எல்லா உண்மைகளையும் அதிகாரிகளே வெளியிட வேண்டும் என்கிறது. அதாவது நான் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் நிருபர்கள் தினமும் ரிப்பன் மாளிகைக்குப் போகிறவர்கள். அடுத்த முறை போகும்போது, வரைவில் "குறைந்தபட்ச அளவு" என்று ஒரு ஷரத்து இருக்கிறதா, இருந்தால் அதில் எத்தனை டன் என்று போட்டிருக்கிறது என்பதை மட்டும் கேட்டு, பதிலை அப்படியே அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உள்ளாட்சி நிதித் தணிக்கையாளர் ஒருவர்,
செம்பியம், சென்னை - 11